ஞானப்பல்லுக்குக் கவ்வாத்துப் பத்தியம்

ஞானப்பல் எடுத்தவர்கள் தையல் பிரிக்கும் நாளுக்கு முன்பே வந்து நின்றால் வலி என்பார்கள், அல்லது வீக்கம் என்பார்கள். சசிகலா வந்த அன்று கத்தியது அவளல்ல, மடியில் இருந்த நாலு மாதக் குழந்தை. கிளினிக் முழுக்க அதன் குரல்தான்.

பதுளைப் பக்கம் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்கில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தோட்டத்துச் சனம் எங்களை ‘மிஸி’ என்றுதான் கூப்பிடும். இப்போது புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

1. புண்ணில் குறை இல்லை

சசிகலா லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். பல் எலும்புக்குள் குறுக்கே படுத்திருந்ததால் ஈறைக் கீறி, துண்டு துண்டாக எடுத்துத் தையல் போட்டிருந்தோம். எங்கள் டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். வாயைத் திறந்து பார்த்துவிட்டு, புண் வடிவாக ஆறுகிறது என்றார். ஆனால் நாற்காலியை விட்டு எழும்பிய சசிகலாவுக்குத் தலை சுற்றியது. நான்தான் பிடித்து உட்கார வைத்தேன்.

குழந்தை மார்பைச் சப்பும், உடனே விட்டுவிட்டுக் கத்தும். அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு, “பாலே வர மாட்டேங்குது மிஸி” என்று அழுதாள். பால்மா கொடுக்கலாம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்களாம். போத்தலைப் பிடித்தால் பிள்ளை தன்னை மறந்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். வாசலைப் பார்த்தாள். அங்கே அவள் புருசன் மோகன் ஃபிளாஸ்க்கோடு நின்றான். உள்ளே பால் விடாத வெறும் பிளேன்டி. பல் எடுத்த நாளிலிருந்து அதுவும், நனைத்த ரஸ்க்கும், பொழுது சாய்ந்தால் கொஞ்சம் வெள்ளைக் கஞ்சியும்தான் சாப்பாடாம்.

அவன் கவ்வாத்து வெட்டுகிறவன், தேயிலைச் செடியின் கிளைகளைக் கழிக்கிற வேலை. முன்பு ஒருமுறை தேயிலைச் செடிக்கு விழ வேண்டிய கத்தி காலில் விழுந்திருக்கிறது. வெட்டுக் காயத்துக்குத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு பத்தியம் உண்டு. பருப்பு தின்றால் நீர் கோக்கும், பூசணி சீழ் வைக்கும், முட்டை தையலை விட வைக்கும்.

“எனக்கு அப்படித்தான் மிஸி ஆறிச்சு. இவளுக்கும் காயந்தானே? நானும் இவகூட அதத்தான் குடிக்கிறேன்” என்றான்.

திட்டுவதற்கு வாய் நிறைய வைத்திருந்தேன். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் அவன் கையிலிருந்த ஃபிளாஸ்க்கை வாங்கி மேசையில் வைத்தேன். இந்த மடையன் வெறும் பிளேன்டியோடு மலைக்குப் போய்க் கத்தி வீசிக்கொண்டிருந்திருக்கிறான்!

2. எந்தப் பத்தியம் முந்தி?

பால் கொடுக்கிற தாய்க்குச் சத்து வேண்டும், நீராகாரம் வேண்டும் என்று டொக்டர் பொறுமையாக விளக்கினார். மோகன் எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்றான். நானும் லயத்தில் பிறந்தவள்தானே, அந்தச் சரிங்கவை எனக்குத் தெரியும். தலை ஆடும், வீட்டில் பானை மாறாது.

அதனால் வேறு பக்கமாகக் கேட்டேன். பிள்ளை பிறந்தபோது இவளுக்கு என்ன ஆக்கிப் போட்டாய்? அவன் முகம் மலர்ந்துவிட்டது. பூண்டுக் குழம்பு, பாசிப்பயறு, நல்லெண்ணெயில் முட்டை. எல்லாம் அவன் கையால்தானாம், பால் ஊற வேண்டுமே என்று.

“இப்ப மட்டும் ஊற வேணாமா? கவ்வாத்துப் பத்தியம் முந்தியா, பிள்ளை பெத்தவ பத்தியம் முந்தியா?”

மோகன் பிள்ளையைப் பார்த்தான். “பிள்ளை பெத்ததுதாங்க முந்தி.”

“அப்ப அதையே ஆக்குங்க. குழைய வேக வச்சு, காரம் போடாம, ஆற வச்சுக் குடுங்க.”

பிறகு அவன் அடுப்பில் ஏறக்கூடியதையெல்லாம் சொன்னேன். பூண்டை வேக வைத்துச் சோற்றோடு மசிப்பது, தேங்காய்ப்பால் விட்ட பயற்றங்கஞ்சி, மசித்த உருளைக்கிழங்கும் பூசணியும், லயத்துக்குப் பின்னால் காய்க்கிற பட்டர் புரூட் என்ற வெண்ணெய்ப்பழம், தயிர். எதையும் கோப்பையில் குடிக்க வேண்டும். ஸ்ட்ரோ வைத்து உறிஞ்சினால் புண்ணை மூடியிருக்கும் இரத்தக் கட்டி பெயர்ந்துவிடும். வெற்றிலை இப்போதைக்கு வேண்டாம். சாப்பிட்டதும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் மெதுவாக வாய் அலசினால் போதும்.

முட்டை மட்டும் அவனுக்கு இறங்கவில்லை. தையல் விட்டுப் போகாதா என்று திரும்பவும் கேட்டான். “முட்டைதான் புண் கெதியா ஆற உதவும். பயப்பிடாமக் குடுங்கோ” என்றார் டொக்டர்.

என் மதியச் சோற்றைப் பருப்போடு பிசைந்து சசிகலாவுக்குக் கொடுத்தேன். அந்த இடத்திலேயே சீழ் கிளம்பிவிடும் என்பதுபோல அவள் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தான் மோகன். மிச்சத்தை அவனையும் தின்ன வைத்தேன்.

3. தையல் பிரித்த நாள்

அன்று கிளினிக்கில் சத்தமே இல்லை. குழந்தை குடித்த வாய் மூடாமல் தூங்கிக்கொண்டிருந்தது. கடைவாயில் பால் வழிந்தது. துடைக்கப் போன என் கையைச் சசிகலா தடுத்தாள். “இருக்கட்டும் மிஸி, பாத்துக்கிட்டே இருக்கணும்போல இருக்கு” என்றாள்.

அதுவரை நாங்கள் புத்தி சொன்னதெல்லாம் வாயில் பஞ்சும் பாதி மரத்த நாக்குமாக உட்கார்ந்திருந்தவர்களிடம்தான். அதற்குப் பிறகு, வீட்டில் சமைக்கிறது யார் என்று முதலில் கேட்டு, அவரை உள்ளே கூப்பிட்ட பின்புதான் பேச்சைத் தொடங்குவோம். நீங்களும் அப்படிச் செய்யுங்கள் பிள்ளைகளே. புண் தன்பாட்டில் ஆறிவிடும். சோறு தன்பாட்டில் வேகாது.