நீல மூடி வாளி

பீர் ஆலையின் வாளிக்காரியைப் பேய் அடித்துவிட்டது என்றுதான் தெருவெல்லாம் பேச்சு. குளிர் அறையில் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "எந்திரி கண்ணு, எந்திரி" என்று அவள் கெஞ்சியதை நாலு பேர் பார்த்தார்களாம். அதனால்தான் பாட்டில் கழுவும் பக்கம் தள்ளிவிட்டார்களாம். நாலு பேர் பார்த்தது நிஜம். மற்றது கண் காது மூக்கு வைத்தது. நடந்ததைக் கேளுங்கள்.

தானியச் சாற்றைப் பீராகப் புளிக்கவைப்பது ஈஸ்ட். ஆலையில் அந்த ஈஸ்ட் வாளி சுமப்பது அவள் வேலை. பீரில் ஏல், லாகர் என்று இரண்டு வகை; போடுகிற ஈஸ்ட்டை வைத்துத்தான் சரக்கு எது என்று ஆகும். ஏல் ஈஸ்ட் சொகுசுப் பேர்வழி. கதகதப்பு கிடைத்தால் நுரையோடு மேலே ஏறி ஆட்டம் போடும். லாகர் ஈஸ்ட் அமுக்கன். குளிரிலேயே மெதுவாக வேலை பார்த்துவிட்டு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். வாளியில் பார்த்தால் இரண்டும் ஒரே பழுப்புக் கூழ். அடையாளம் மூடிதான்: ஏலுக்குச் சிவப்பு, லாகருக்கு நீலம்.

மூடிகளைக் கழுவி மறுபடி மாட்டியவளும் அவள்தான். நீல மூடி வாளியைக் குளிர் அறைத் தொட்டியில் கவிழ்த்தவளும் அவள்தான்.

தொட்டியிலிருந்து வரும் குழாயின் முனை ஒரு தண்ணீர் வாளியில் முழுகியிருக்கும். உள்ளே ஈஸ்ட் வேலை செய்தால் அதில் குமிழி விடும். மறுநாள் ஒன்றையும் காணோம். அதற்கு மறுநாளும் இல்லை. தொட்டியில் காதை வைத்துக் கெஞ்சியது அப்போதுதான்.

சூப்பர்வைசர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். வந்து பார்த்தார், தொட்டி கழுவும் ஆளைக் கூப்பிட்டார். கழுவுகிறவருக்குப் பட்டப்பெயர் சோப்பு.

"யோவ் சோப்பு! தொட்டி கழுவுற மருந்தை ஒழுங்கா அலசாம விட்டுட்டியா? ஈஸ்ட்டு செத்துக் கிடக்குதுய்யா!"

"நல்லா அலசினேன் சார். நான் குளிக்கிறதைவிடத் தொட்டி நல்லாக் குளிக்குதுன்னு என் பொண்டாட்டியே திட்டுறா."

"விளையாடாதே. செத்ததுன்னு தெரிஞ்சுது, நாளைக்கு நீ கேட்டுக்கு வெளிய."

சோப்பின் முகம் வெளுத்தது. வாளிக்காரிக்கோ, மூடி கழுவிய ஞாபகம் வந்து திக்கென்றது. எதை எந்த வாளிக்குப் போட்டோம்?

தொட்டிச் சாற்றை ஒரு பாட்டிலில் பிடித்து, வாயில் பஞ்சை அடைத்து, பாய்லர் அறையில் ஒளித்து வைத்தாள். செத்த ஈஸ்ட் என்றால் பாட்டில் சும்மா கிடக்கும். சோப்பு தொலைந்தார், அவள் தப்பினாள். குளிரில் விறைத்துத் தூங்குகிற ஏல் என்றால் சூட்டில் முழித்துக்கொள்ளும், அவள் தொலைந்தாள். காலையில் தொட்டியை எழுப்பப் பார்த்தவள், சாயங்காலம் பாட்டிலைப் பார்த்து "எந்திரிச்சிடாதே" என்று வேண்டிக்கொண்டாள்.

விடிந்ததும் கதவைத் திறந்தாள். பாட்டிலின் கழுத்து வரை நுரை. பஞ்சைத் தள்ளிக்கொண்டு வழிந்திருந்தது.

யாரும் பார்க்கவில்லை. சாக்கடை காலடியில்தான். கொட்டிவிட்டால் முடிந்தது கதை. வெளியே சோப்பு தன் பூட்ஸைப் பையில் திணிக்கும் சத்தம் கேட்டது. பாட்டிலோடு போய் அண்ணன் முன்னால் நின்றாள்.

"அண்ணே... இது சாகல. ஏல். மூடியை நான்தான் மாத்திப் போட்டுட்டேன்."

"கூடப்பிறந்தவள்னு பாக்க மாட்டேன்டி."

"சோப்பண்ணனைப் பாருங்கண்ணே. போதும்."

சிவப்பு மூடி வாளியில் கிடந்த லாகர் ஈஸ்ட்டைத் தொட்டியில் ஊற்றச் சொன்னார். சோப்பு பையை அவிழ்த்தார். அவள் பாட்டில் கழுவப் போனாள்.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா, பேய் ஓட்ட ஆள் சொல்லட்டுமா என்று காதில் கிசுகிசுத்தாளாம்.

"பேயாவது பிசாசாவது! மூடி மாறிப்போச்சுக்கா. ஈஸ்ட்டுக்குக் குளிர் அடிச்சுது, எனக்கு வேர்த்துது. அவ்ளோதான்!"