வோன்வாகனும் 'போகுமிடம்' என்ற கட்டமும்

கார் வாங்குவதென்றால் எங்கள் ஆட்கள் முதலில் நிறத்தைப் பார்ப்பார்கள். பிறகு வயதைப் பார்ப்பார்கள். பிறகு அதைத் தேவாலய வளவில் கொண்டுபோய் நிறுத்தினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களா என்று யோசிப்பார்கள். அது எத்தனை கிலோவை இழுக்கும் என்று ஜேர்மனியில், எசன் நகரத்தில் கேட்ட முதல் தமிழ்ப் பொம்பிளை நானாகத்தான் இருப்பேன். கேட்டதற்கு நல்லாய் வாங்கியும் கட்டினேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஐந்தாறு வருடம் கழித்து நடந்தது இது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் என்னோடு வேலை செய்த ஜேர்மன்காரி ஒருத்தி தன் பழைய வோன்வாகனை விற்கப்போவதாகச் சொன்னாள். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு அது. இரண்டு பேர் படுக்கலாம், ஒரு காஸ் அடுப்பு, ஒரு மடக்கு மேசை. அன்றைக்கே "எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்த பிறகுதான் இவருக்குச் சொன்னேன்.

"கொண்டெய்னருக்குள்ள ஆறு வருசம் கிடந்தது காணாதே? காசு குடுத்துத் திரும்பவும் ஒரு பெட்டிக்குள்ள படுக்கப் போறீரோ?" என்றார் இவர்.

"இந்தப் பெட்டிக்குச் சில்லு இருக்கு," என்றேன்.

இவரைக் குறை சொல்லவும் ஏலாது. அகதி விண்ணப்பம் போட்டிருந்த அந்த ஆறு வருடமும் எங்களைக் கொண்டெய்னர் முகாமில் இருத்திய மாவட்டத்தின் எல்லையைத் தாண்ட எங்களுக்கு அனுமதி இல்லை. தாண்டுவதென்றால் ஒரு துண்டு எடுக்க வேண்டும். அதற்கு அலுவலகத்தில் வைத்த பெயர் 'விடுமுறைத் துண்டு'. என்ன விடுமுறையோ! போகுமிடம், வீதி, வீட்டு இலக்கம், யாரிடம், என்ன காரணம், எத்தனையாம் திகதியிலிருந்து எத்தனையாம் திகதி வரை, எல்லாவற்றுக்கும் கட்டம் கட்டமாக இருக்கும். ஸ்டுட்கார்ட்டில் என் தங்கச்சிக்குக் கலியாணம் வந்தபோது எல்லாக் கட்டத்தையும் வடிவாக நிரப்பிக் கொடுத்தேன். கலியாணம் அவசரக் காரணம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். கூடப்பிறந்தவளுக்குத் தாலி கட்டினதை நான் வீடியோக் கொப்பியில்தான் பார்த்தேன். இவர் ஒருமுறை துண்டில்லாமல் பக்கத்து ஊர் ரயில் நிலையத்தில் பிடிபட்டார். சனத்துக்கு நடுவில் வைத்துப் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு பொலிஸைக் கண்டால் இவருக்குக் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விடும்.

பாஸ்போர்ட் கிடைத்தபிறகும் நாங்கள் போனதெல்லாம் கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு. யாராவது ஒருவரின் விலாசத்துக்குத்தான். எனக்கு விலாசம் இல்லாமல் போக வேண்டும் என்று ஆசை. நினைத்த இடத்தில் நிற்க வேண்டும், நின்ற இடத்தில் படுக்க வேண்டும். எங்கே போகிறாய் என்று கேட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும். ஒருமுறையாவது. இதை இவருக்குச் சொன்னபோது, "உமக்கு விசர்," என்றார். விசர்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

வோன்வாகனை இழுக்க ஒரு கார் வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் பழைய கார் வாங்கி விற்கிற அண்ணை ஒருவர் இருந்தார். அவரிடம் கேட்காமல் யாரும் கார் வாங்குவதில்லை. வெள்ளி நிறத்தில் பளபளவென்று ஒன்றைக் காட்டினார். இவர் உடனே உள்ளே ஏறி இருந்துவிட்டார். நான் காரின் பத்திரத்தைக் கேட்டேன்.

"அதில என்ன தங்கச்சி பாக்கப் போறியள்?"

"இழுவைப் பாரம் எவ்வளவு எண்டு பாக்கப் போறன் அண்ணை."

எண்ணூறு கிலோ என்று இருந்தது. வோன்வாகனின் முழுப் பாரம் ஆயிரம். என்னுடைய லைசென்ஸுக்கு இன்னொரு சட்டமும் இருந்தது: இழுபடுகிற வண்டியின் முழுப் பாரம் இழுக்கிற காரின் வெறும் பாரத்தைத் தாண்டக்கூடாது. மூன்றாம் தரம் ஓடிக் காட்டி எடுத்த லைசென்ஸ் அது. அதிலிருந்த ஒவ்வொரு வரியும் எனக்குப் பாடம்.

"அது சும்மா பேப்பரில போட்டிருக்கிறாங்கள்," என்றார் அண்ணை. "எங்கட பெடியள் இந்தக் காரிலயே இரண்டு ஃபிரிட்ஜ் ஏத்தினவங்கள்."

"ஏத்தினவங்கள் நிப்பாட்டினவங்களோ?" என்று கேட்டேன். அண்ணைக்கு முகம் கறுத்துப் போனது.

கடைசியில் நான் வாங்கியது பென்ஷன் எடுத்த ஒரு ஜேர்மன்காரரின் கடும் பச்சை டீசல் கார். நீளமான முதுகு, பின்னால் பெரிய கதவு, சீட்டெல்லாம் நாய் மயிர். ஆனால் பின்னுக்கு, வண்டி மாட்டுகிற கொழுவி இருந்தது. ஆயிரத்து நானூறு கிலோ வெறும் பாரம், அதைவிடக் கொஞ்சம் கூட இழுக்கும். மனிசன் பத்து வருடம் அதில் வோன்வாகன் இழுத்தவராம். கொழுவியின் குண்டுக்கு எப்படிக் கிறீஸ் பூசுவது என்றுகூடக் காட்டித் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், அதைச் சுற்றி நாலைந்து பேர். "என்ன அக்கா, சவம் கொண்டு போற கார் மாதிரிக் கிடக்கு?" என்றான் ஒருத்தன்.

"ஓம், உம்மை ஏத்தத்தான். இடம் காணுமோ எண்டு படுத்துப் பாரும்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். இவர் மட்டும் காருக்குள் குனிந்துகொண்டு இருந்தார். எனக்கு அந்தக் குனிவுதான் ஆத்திரத்தைக் கிளப்பியது. யாருக்குப் பயந்து இந்த மனிசன் இன்னும் குனிகிறார்?

ஆடி மாத லீவுக்குப் புறப்பட ஆயத்தம் செய்தேன். பின்னுக்குப் பாரம் கூடினால் ஓடும்போது வால் ஆடும் என்று, பாரமான சாமானையெல்லாம் வோன்வாகனின் சில்லுக்கு மேலே வைத்தேன். முன் மூக்கு கொழுவியை எத்தனை கிலோவால் அழுத்துகிறது என்று, குளியலறைத் தராசை வைத்து, மேலே ஒரு தடியை முட்டுக்கொடுத்துப் பார்த்தேன். அறுபது கிலோ. அளவாக இருந்தது. அன்றைக்கு இரவு நிம்மதியாகப் படுத்தேன்.

நான் செய்த ஒரே பிழை, இவரின் வாயைக் கட்டாமல் விட்டது. எங்கள் ஆட்களில் ஒருவர் பயணம் போகிறார் என்று தெரிந்தால் போதும், பார்சல் வந்துவிடும். வடக்குப் பக்கம் போகிறோம் என்று தமிழ்க் கடையில் இவர் சொல்லியிருக்கிறார். பிறேமனில் இருக்கிற இவரின் மச்சானுக்கென்று, நான் விடிய எழும்பிக் குளிக்கிற நேரத்துக்குள், இரண்டு மூட்டை அரிசி, ஒரு பெட்டி மாம்பழம், கருவாடு, மிளகாய்த்தூள், போதாததற்கு ஒரு கிரைண்டரும் வந்து இறங்கியிருக்கிறது. எல்லாவற்றையும் இவர் வோன்வாகனின் பின்பக்கக் கட்டிலுக்குக் கீழே அடுக்கிவிட்டார். முன்னுக்கு வைத்தால் கார் குந்திவிடுமாம். எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை.

மியூன்ஸ்டரைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறேன். ஒரு பஸ் எங்களை முந்தியது. காற்றுத் தள்ள, பின்னால் வோன்வாகன் வாலை ஆட்டத் தொடங்கியது. இடமும் வலமுமாக அது இழுக்க, காரும் சேர்ந்து ஆடியது. "ஐயோ மாதாவே!" என்று இவர் கத்தினார். நான் காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராக இறுக்கிப் பிடித்து, வேகம் தானாக விழும்வரை பொறுத்தேன். மெல்ல மெல்ல அடங்கியது. அடுத்து வந்த தரிப்பிடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

பின் கட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கத்தினேன். "என்ன வேலை இது? ரெண்டு பேரும் செத்திருப்பம்! மச்சான் அரிசியைக் கண்டதில்லையே?"

இவர் அரிசி மூட்டையைச் சுமந்து நடுவில் வைத்தார். நான் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போனேன். அந்த நேரம் பார்த்துப் பொலிஸ் கார் ஒன்று வந்து பின்னால் நின்றது. ஒரு பொலிஸ்காரர் இறங்கி வந்து பத்திரங்களைக் கேட்டார்.

இவரின் கை சட்டைப் பைக்குப் போனது. கார்ப் பத்திரம் கேட்டவரிடம் பாஸ்போர்ட்டை நீட்டினார். நான் லைசென்ஸையும் இரண்டு வண்டிகளின் பத்திரங்களையும் கொடுத்தேன். அவர் காரின் வெறும் பாரத்தைப் பார்த்தார், வோன்வாகனின் முழுப் பாரத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். எல்லாம் சரி. திருப்பித் தந்துவிட்டு, சும்மா கதைக்கிற மாதிரித்தான் கேட்டார், எங்கே பயணம் என்று.

இவர் நிமிர்ந்து நின்றார். பிறேமன் என்றார். வீதியின் பெயரைச் சொன்னார். வீட்டு இலக்கத்தைச் சொன்னார். மச்சானின் முழுப் பெயரைச் சொன்னார். இன்றையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரை என்றார். பழைய துண்டின் கட்டங்கள், ஒன்று விடாமல், அதே ஒழுங்கில். பொலிஸ்காரர் விளங்காமல் என்னைப் பார்த்தார். கொஞ்சத்துக்கு முன் இந்த மனிசனைப் பார்த்தா கத்தினேன்?

"இல்லை," என்றேன், ஜேர்மன் மொழியில், கொஞ்சம் உரக்கவே. "எங்கே போகிறோம் என்று எங்களுக்கு இன்னும் தெரியாது."

அவர் சிரித்தார். "அப்படியானால் நல்ல விடுமுறை!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காரை எடுத்தேன். கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார். ஒஸ்னாபுறுக்குக்கு முன்னால் சாலை பிரிகிற இடம் வந்தது. நேரே போனால் பிறேமன். வலப்பக்கம் பிரிந்த பாதை வேறு எங்கேயோ போனது.

"இஞ்சாரும்," என்றார் இவர். "அரிசி எங்களிட்டயும் இருக்கு, அடுப்பும் இருக்கு. திருப்பும்."

"எங்க போறது?"

"எனக்கென்ன தெரியும்?" என்றார்.