இருட்டுன்னா பயமான்னு கேட்ட கம்பெனி

போன வருஷம் ஆடி மாசம், திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில், முன்பின் தெரியாத ஒருவருடைய கம்பெனி ஷட்டரை நான் பலவந்தமாகத் தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று கேட்டால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கிழக்கு தாம்பரத்தில் எனக்கு ஒரு மாவுக் கடை. இட்லி மாவு, கூடவே சட்னிக்குத் தேங்காய். வியாபாரம் சின்னது, பேச்சு பெரிசு. வாங்க வருகிறவர்கள் ஆளுக்கொரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போவார்கள், நான் அதையெல்லாம் மனசில் முடிந்து வைத்துக்கொள்வேன். என் மகள் சுரங்கப் பொறியியல் படித்து முடித்த வருஷம் அப்படி முடிந்து வைத்தது ஏராளம். "சென்னையில எங்கம்மா சுரங்கம் கீது? உன் பொண்ணு மெட்ரோவுக்குக் குழி தோண்டப் போவுதா?" என்றார் பால்கார அண்ணன். மாடி வீட்டு டீச்சர், "கம்ப்யூட்டர்னு ஒண்ணு இருக்கறதே உங்க வீட்டுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு மாவோடு நடந்தார்.

அவளும் சும்மா இருக்கவில்லை. ஒரு கல் குவாரிக்குப் போய் சர்வே கருவி வைத்து அளக்கப் பழகினாள். கம்ப்யூட்டரில் சுரங்க வரைபடம் போடக் கற்றாள். முதலுதவிப் பயிற்சிக்குப் போனாள். சுரங்கத்தில் வேலையாட்களோடு இந்தியில் பேச வேண்டியிருக்கும் என்று எங்கள் தெரு பானிபூரிக்காரரிடம் தினமும் நின்று இந்தி பேசினாள். (அவர் நல்ல தமிழ் பேச ஆரம்பித்துவிட்டார்.) ஆனால் விண்ணப்பம் போட்ட இடத்தில் எல்லாம் ஒரே கேள்வி, "முன் அனுபவம் இருக்கா?" கடைசியில் கேளம்பாக்கத்தில் ஒரு கால் சென்டருக்கு அரை மனசாகத் தலையாட்டிவிட்டாள். அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும்.

அந்த வாரத்தில்தான் அந்த போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், எனக்கும் கேட்டது. வடக்கே ஏதோ நிலத்தடிச் சுரங்கத்துக்கு ஆள் எடுக்கிறார்களாம்.

"சர்டிபிகேட் அப்புறம் பாத்துக்கலாம்மா. அழுக்கானாலும் பரவாயில்லங்கற டிரஸ்ல வாங்க. பழைய ஷூ போட்டுக்கங்க. ஆமா, இருட்டுன்னா பயமா உங்களுக்கு?"

ஒரு தேங்காயைக்கூட தட்டிப் பார்க்காமல் வாங்காதவள் நான். "ஆடி மாசத்துல எவன்டி வேலைக்கு ஆள் எடுக்கறான்? அதுவும் இருட்டுன்னா பயமான்னு கேட்டு?"

"ம்மா, சுரங்கத்துல டியூப்லைட்டா போட்டு வெச்சிருப்பாங்க?"

"சர்டிபிகேட் வேணாமாம். அதுக்கென்ன சொல்ற?"

அவள் பழைய ஷூவைத் தேட ஆரம்பித்தாள். போவேன் என்றாள். கடையை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு நானும் கிளம்பினேன். வழக்கமாக எங்களுக்கு வரும் ஆட்டோ அண்ணனையே கூப்பிட்டேன், போனதும் திரும்பிவிடக் கூடாது என்று கண்டிஷன் போட்டு.

தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் அந்த ஷெட். வாசலில் போர்டு இல்லை. ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புப் பெயின்ட்.

"யக்கா, இன்னாக்கா இது?" என்றார் ஆட்டோ அண்ணன். "பகல்லயே சினிமாக் கொட்டாய் மாதிரி கீது. பேஜார் புடிச்ச எடமா தெரியுதே."

வாசலில் ஒரு பெண் காவலாளி மகளுடைய பையைத் துழாவினாள். "தீப்பெட்டி, லைட்டர் இருக்கா? போனைக் குடுத்துடுங்க" என்றாள். போனை எதற்கு வாங்க வேண்டும்? என் சந்தேகம் கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. எங்களுக்கு முன்னால் உள்ளே போன இரண்டு பையன்கள் ஒருவன் பின்னால் ஒருவனாக வெளியே வந்தார்கள். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. "தம்பி, உள்ள என்னப்பா?" என்று கேட்டேன். "சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க ஆன்ட்டி" என்று நிற்காமல் போய்விட்டார்கள்.

நான் மகள் கையைப் பிடித்தேன். "வாடி, போயிடலாம். கால் சென்டரே போதும்."

"இதுதான் கடைசிம்மா" என்றாள். கையை மெதுவாக உருவிக்கொண்டு உள்ளே போனாள். ஷட்டர் இறங்கியது. அடியில் தெரிந்த வெளிச்சக் கோடும் அணைந்தது.

காதை வைத்துக் கேட்டேன். டொக், டொக் என்று யாரோ தட்டுகிற சத்தம். ஒரு ஆண் குரல், "வாங்க, வாங்க" என்றது. என் மகள் குரல் கேட்கவில்லை. திரும்ப டொக், டொக். பிறகு இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. நான் ஒரு பக்கம், ஆட்டோ அண்ணன் ஒரு பக்கம், ஷட்டரை மேலே தள்ளிவிட்டோம். உள்ளே கும்மிருட்டு. ஒரே ஒரு தலைவிளக்கு. அதை நோக்கி ஓடினேன்.

"ம்மா! அங்கேயே நில்லு! மேல பாக்காம கால வைக்காத!"

அவள் அப்படி அதட்டி நான் கேட்டதே இல்லை. நின்றேன்.

விளக்குகள் எரிந்தன. எனக்கு முன்னால் மரச்சட்டமும் சிமெண்டுமாக ஒரு குகை. சுரங்கத்தின் உள்பக்கம் மாதிரியே கட்டியிருந்தார்கள். கூரையிலிருந்து ஒரு கனத்த பலகை பெயர்ந்து, சங்கிலியில் பாதி உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. நான் ஓடிய வழிக்கு நேர் மேலே. என் மகள் இந்தப் பக்கம் ஓரமாக, கையில் நீளக் கம்பியோடு நின்றாள். அந்தப் பக்கம் நரைத்த தாடிக்காரர் ஒருவர். போனில் பேசியவர்.

"பயப்படாதீங்கம்மா, தலை வரைக்கும் வராது, சங்கிலி பிடிச்சுக்கும்" என்றார். பிறகு சொன்னார். "இந்தக் கூரையை நான் பாத்துட்டேன், தைரியமா வாங்க" என்று ஒவ்வொருவரையும் கூப்பிடுவாராம். முன்னால் வந்த இரண்டு பேரும் பெரிய மனுஷன் சொல்கிறாரே என்று நேராக நடந்தார்கள். தலைக்கு மேல் பலகை இறங்கியது. என் மகளோ, "சார், நீங்க பாத்தது உங்களுக்கு. நான் ஒருவாட்டி பாத்துக்கறேன்" என்று கம்பியால் கூரையைத் தட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். கெட்டியான பாறை கணீரென்று ஒலிக்குமாம், பிடிப்பு விட்டுப்போன பாறை பொத்தென்று ஒலிக்குமாம். பொத்தென்ற இடம் வந்ததும் தள்ளி நின்று, நெம்பிக் கீழே இறக்கிவிட்டாள். நான் கேட்ட இடி அதுதான். தீப்பெட்டியும் போனும் சுரங்கத்துக்குள் கூடாதாம், அதனால்தான் வாசலிலேயே கேட்டார்களாம்.

"நீங்க ஏம்மா ஷட்டரத் தூக்கினீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"சந்தேகமா இருந்துச்சு சார்."

"அதத்தாம்மா நாங்க தேடறோம். மத்ததெல்லாம் சொல்லிக் குடுத்துடலாம்."

அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. வேறு பெண்கள் இருக்கிறார்களா, எங்கே தங்குவாள், உள்ளே கழிப்பறை உண்டா என்று வரிசையாகக் கேட்டேன். முதல் இரண்டுக்கும் பதில் சொன்னார். மூன்றாவதற்கு, "மேல இருக்கு. உள்ள இன்னும் சரியா இல்லம்மா, பொய் சொல்ல மாட்டேன்" என்றார். அந்த ஒரு பதிலில்தான் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

பெண்களை நிலத்துக்கு அடியில் இறக்க அவர்களே எழுத்தில் சம்மதம் தர வேண்டுமாம். பேனாவுக்கு நான்தான் கை நீட்டினேன். "உங்களது வேணாம்மா, அவங்களது மட்டும் போதும்" என்றார். அவள் ஒவ்வொரு வரியாகப் படித்து, இரண்டு இடத்தில் விளக்கம் கேட்டு, பிறகு கையெழுத்துப் போட்டாள். திரும்பும்போது ஆட்டோ அண்ணன், "பாப்பா, நம்ம ஆட்டோ கூரையும் ஒருவாட்டி தட்டிப் பாத்துட்டு ஏறு" என்றார். மூன்று பேரும் பல்லாவரம் வரைக்கும் சிரித்தோம்.

இப்போது அவள் தினமும் சுரங்கத்திலிருந்து மேலே வந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறாள். அது வரும்வரை, "உன் பொண்ணு நல்லாத்தான் இருப்பா" என்று யார் சொன்னாலும் நான் தலையாட்டிவிட்டுத் தேங்காயைத் தட்டிக்கொண்டிருப்பேன். அங்கே அவளும் ஒரு கூரையைத் தட்டிக்கொண்டிருப்பாள் என்ற நினைப்புதான் எனக்குத் தைரியம்.