பம்பு கடைசி மருந்தல்ல என்று சொன்னவர்

ஊருக்குத் தான் சொன்னது தவறென்று அதே ஊரிடம் திரும்பிப் போய்ச் சொல்ல ஒருவருக்கு எப்படி மனம் வருகிறது? எனக்கு விடை தெரியாது. செவ்வாய்க்கிழமை காலை தெஹியோவிட்டயில் என் மருந்துக்கடையைத் திறந்துகொண்டிருந்தபோது, சண்முகநாதன் ஐயாவின் மகள் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, அப்பா போயிட்டாருங்க" என்றாள். அப்போதும் இந்தக் கேள்விதான் எழுந்தது.

ஐயா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் நெடுங்காலம் மருந்து கொடுத்தவர். கைராசிக்காரர் என்பீர்கள். எனக்குக் கைராசியில் நம்பிக்கையில்லை. அவர் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

ஆஸ்துமாவை நரம்புக் கோளாறு என்று கருதி, ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைக்கச் சொன்ன காலம் அவருக்கு முந்தியது. அவர் வேலைக்கு வந்தபோது ஊசிதான். மூச்சிழுப்பு வந்தவரின் முகத்தைப் பார்த்தபடியே மருந்தை மெல்ல மெல்ல ஏற்றுவார். "சுருங்கின குழாய விரிக்கணும். எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்பார். பிறகு, வாயில் வைத்து மருந்தை உள்ளிழுக்கும் பம்பு வந்தது. பழகிவிடும், கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகச் சொன்னார். அதனால் ஒருவர் கையில் பம்பைக் கண்டாலே, ஆள் முடியப்போகிறது என்று தோட்டம் நினைத்தது.

இழுப்பு இல்லாத நாளிலும் மூச்சுக்குழாயின் உட்புறம் வீங்கியே இருக்கிறது, அந்த வீக்கத்துக்குத் தினமும் பம்பு மருந்து வேண்டும் என்பதை அவர் பின்னர் ஒரு பயிற்சியில் அறிந்தார். உடனே மறுபடி லயங்களுக்குப் போனார். பம்பை இழுக்கும் முறையைக் காட்ட நானும் கூடப் போயிருந்தேன். தொழிற்சாலையில் தேயிலை சலிக்கும் பரமேஸ்வரி அவரை மடக்கினாள். மூச்சு முட்டி ஆஸ்பத்திரிவரை போய்த் தப்பி வந்தவள்.

"கடைசிக்குன்னு நீங்கதானுங்களே ஐயா சொன்னீங்க?"

"ஆமா புள்ள, நான்தான். தப்பாச் சொல்லிட்டேன்."

"அப்ப நாளைக்கி இதையும் தப்புன்னு சொல்வீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "சொன்னாலும் சொல்லுவேன். ஆனா அதையும் நானே வந்து சொல்லுவேன்."

தினமும் இழுக்க வேண்டிய பழுப்புநிறப் பம்பை அவள் வாங்கிக்கொண்டாள். ஆனால் தண்ணீர்ப் பீலிக்குப் பின்னால் ஒளிந்துதான் இழுப்பாள். "மக கல்யாணத்துக்கு நிக்கிறா அக்கா. இழுப்புக்காரி மகள்னு பேரு வந்துருங்க" என்றாள். ஆட்கள் சூழ இருக்கும் நாளில் மருந்தைத் தவறவிடுவாள். சில நாளில் மறுபடி மூச்சு இழுக்கும். ஐயாவுக்குக் கடைசிவரை இருந்த கவலை இது. ஒருநாள் இவள் மூச்சு திரும்பாமலே போய்விடும் என்று பயந்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, "அதையும் நானே வந்து சொல்லுவேன்" என்ற அந்த வாக்கை. இனி யார் வந்து சொல்வார்கள் என்று தெரியவில்லை.

அவர் இறந்த மறுநாள் அடக்கம். விடியற்காலையிலேயே வந்திருந்த பரமேஸ்வரி, வாசல் நிறையப் பெண்கள் அழுதுகொண்டிருக்க, எழுந்து நின்று பையிலிருந்து பழுப்புநிறப் பம்பை எடுத்து இழுத்தாள். நாங்கள் காட்டியிருந்தபடியே குழாயடியில் வாயைக் கொப்பளித்துத் துப்பினாள்.

பக்கத்தில் இருந்தவள் பதறினாள். "என்னடி பரமு, இழுக்குதா?"

"இல்லக்கா. இழுக்காம இருக்கத்தான்."

பிறகு உட்கார்ந்து, மறுபடி அழத் தொடங்கினாள்.