தலைப்பிரசவத்துக்கு வந்த ஊர்

புனேயில் பிள்ளை பெற்றவளுக்குப் பிசின் கொடுக்கிறார்கள். கருவேலம் பிசினை நெய்யில் பொரித்து, கொப்பரையும் பேரீச்சையும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த உருண்டை. டிங்க் லாடு என்று பெயர். விஷ்ராந்த்வாடியில் நான் குடியிருக்கும் நாலாவது மாடியில் எதிர் வீட்டு அம்மாளை எல்லோரும் காக்கு என்று கூப்பிடுவார்கள், மராத்தியில் சித்தி மாதிரி. என் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து கைக்குழந்தையோடு வந்த அன்று ஒரு டப்பா நிறைய அந்த உருண்டைகளைக் கொண்டுவந்து வைத்தார். அக்கா ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள்.

"ஏல, நோட்டு ஒட்டுத பிசினையா திங்கச் சொல்லுதாவ?"

"இடுப்புக்குப் பெலமாம்க்கா."

"வாயி ஒட்டிக்கிட்டா யாரு பொறுப்பு?"

காக்குவுக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் சிரித்ததைப் பார்த்து, பிடித்துவிட்டது என்று நினைத்து, அடுத்த வாரமும் ஒரு டப்பா கொண்டுவந்தார். அதற்குள் அக்கா கிண்டல் பேசுவதை நிறுத்தியிருந்தாள். சாப்பிடுவதையும் ஏறக்குறைய நிறுத்தியிருந்தாள்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு, பிள்ளைப்பேற்றுக்கு ஒரு பெண்ணை ஏன் இவ்வளவு தூரம் ரயிலேற்றினோம் என்ற கேள்வி வரும். எங்கள் பக்கம், சங்கரன்கோவிலைச் சுற்றி, தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான். எங்கள் அம்மா அக்காவின் கல்யாணத்துக்கு மறுவருஷம் இறந்துவிட்டாள். அப்பா செங்கல் சூளையில் வேலை. பாதி நாள் அங்கேயே படுத்துக்கொள்வார். வளைகாப்பு முடிந்ததும் அக்காவின் மாமியார் வளையலைச் சரிசெய்துவிட்டபடியே, "மொறன்னு ஒண்ணு இருக்குல்லா. எப்ப கூட்டிட்டுப் போறிய?" என்று கேட்டார். அப்பா, "கூடப் பொறந்தவன் இருக்க வீடும் பொறந்த வீடுதான?" என்றார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். அதனால் நான் இருக்கிற ஊர் நல்ல ஊராகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். கம்பெனிக் காப்பீடு இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. இப்படியாகத் திருமணமாகாத ஒருவனின் இரண்டு அறை வாடகை வீடு, முறைப்படி, தாய்வீடு ஆனது. அக்காவிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

அவள் பெயர் முப்பிடாதி. ஆஸ்பத்திரியில் ஒருவர் வாயிலும் அது நிற்கவில்லை. நர்ஸுகள் 'முபி' என்று சுருக்கிக்கொண்டார்கள். பிரசவத்துக்குத் துணையாக வந்த சித்தி, குழந்தையைக் குளிப்பாட்டவும் பத்தியச் சாப்பாடு வைக்கவும் சொல்லிக்கொடுத்துவிட்டு, தன் வீட்டுப் பாட்டைப் பார்க்க ஊருக்குத் திரும்பினாள். அன்றிலிருந்து நான் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை அக்காவும் குழந்தையும் மட்டும்தான். ஊரில் பச்சை உடம்புக்காரியை யாரும் தனியாக விடமாட்டார்கள். காலையில் ஒருத்தி வந்து குழந்தை கறுப்பு என்பாள், மத்தியானம் இன்னொருத்தி தாய்ப்பால் போதவில்லை என்பாள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டில் ஆள் இருக்கும். இங்கே காக்கு கதவைத் தட்டி, குழந்தையை வாங்கிக் கொஞ்சிவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்து மராத்தியில் ஏதோ கேட்பார். அக்கா தலையாட்டுவாள். அதற்குமேல் அவர்களுக்குள் பாதை இல்லை.

ஒருநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது அக்கா பால்கனிக் கதவைப் பூட்டி, சாவியை என் கையில் கொடுத்தாள்.

"இத நீயே கொண்டு போ."

"எதுக்குக்கா?"

"புறா வருது."

எங்கள் கட்டடத்தில் புறாத் தொல்லை உண்மைதான். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். மறுநாளும் கொடுத்தாள். பிறகு அது வழக்கமாகிவிட்டது. சாயங்காலம் நான் வந்து கதவைத் திறக்கும்போது அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் போய்விடுவாள். குழந்தை தூங்கும் நேரத்திலும் அவள் தூங்குவதில்லை என்பதைப் பார்த்தேன். தலை சீவாமல் இருப்பதைப் பார்த்தேன். பிள்ளை வளர்க்கிற அலுப்பு என்றுதான் நினைத்தேன். அத்தானிடம் போனில் பேசும்போதும் அவள் "ம்", "சரி" என்ற இரண்டே சொல்லில் முடித்துக்கொள்வாள்.

தடுப்பூசிக்குப் போன இடத்தில்தான் அது தெரியவந்தது. ஊசி போடும் அறைக்குப் பக்கத்தில் சின்ன அறை. பிள்ளை பெற்றவர்களையும் பெறப்போகிறவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்து, உடம்பைப் பற்றி ஒன்றும் கேட்காமல் மனசைப் பற்றி மட்டும் கேட்பதற்கென்று ஒரு பெண் அங்கே இருந்தார். ருதுஜா என்று பெயர், என் வயதுதான் இருக்கும். இப்படி ஒரு வேலை இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அவருக்கு மராத்தி, இந்தி, ஆங்கிலம் தெரியும். அக்காவுக்குத் தமிழ் மட்டும். நடுவில் நான்.

தூக்கம் வருகிறதா என்று கேட்டார். நான் அக்காவிடம் கேட்டேன். "வருது." அழுகை வருகிறதா? "இல்ல." ஒவ்வொரு கேள்விக்கும் அக்கா முதலில் என் முகத்தைப் பார்த்தாள், பிறகுதான் பதில் சொன்னாள். உயிரோடு இருக்க வேண்டாம் என்று எப்போதாவது தோன்றுகிறதா என்று ருதுஜா கேட்டார். கூடப்பிறந்தவளிடம் அதை எந்தச் சொல்லில் கேட்பது? சுற்றி வளைத்து, "ரொம்ப வெறுத்துப்போவுதாக்கா?" என்றேன். "இல்லல, அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றாள். ஐந்தாம் வகுப்போடு நின்று பீடி சுற்ற உட்கார்ந்தவள். நான் பரீட்சைக்குப் படிக்கும்போது என் முன்னால் இருமக்கூட மாட்டாள். அவளா என்னிடம் சொல்லப்போகிறாள்?

"வீட்டில் எதற்காவது பயப்படுகிறாரா?" என்று ருதுஜா கடைசியாகக் கேட்டார்.

அறையில் இருந்த இறுக்கத்தைக் குறைக்கலாம் என்று நான் சிரித்தேன். "கபூத்தர், மேடம். புறா. அதற்குப் பயந்து பால்கனியைப் பூட்டி, தினமும் சாவியை என்னிடம் கொடுத்து அனுப்புகிறாள்." சட்டைப்பையிலிருந்து எடுத்தும் காட்டினேன்.

ருதுஜா சிரிக்கவில்லை. சாவியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "எந்த மாடி?"

"நாலு."

"சாவி உங்களிடமே இருக்கட்டும். இப்போது நீங்கள் வெளியே இருங்கள்."

"மேடம், அவளுக்கு இந்தி வராது. நான் இல்லாமல் எப்படி?"

"தெரியும். வெளியே இருங்கள்."

குழந்தையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். தன்னோடு படித்து, இப்போது தமிழ்நாட்டில் மனநல மருத்துவராக இருக்கும் தோழி ஒருவரை அவர் போனில் பிடித்து அக்காவிடம் கொடுத்தார் என்று பிறகு சொன்னார்கள். கதவு மூடியிருந்தது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அக்கா அழும் சத்தம் வந்தது. அம்மா செத்த அன்றைக்கு அழுத மாதிரி, வாய்விட்டு. வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள், அவளை நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்பதுபோல. குழந்தை என் சட்டைப் பித்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

கதவு திறந்ததும் ருதுஜா அக்காவிடம் கையால் ஏதோ கேட்டார். அக்கா தலையசைத்தாள். அதன் பிறகே அவர் என்னிடம் பேசினார். இது ஒரு நோய், பிள்ளை பெற்றவர்கள் பலருக்கு வருவது, சரியாகக்கூடியது. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரை உண்டு. இப்போதைக்கு அவளைத் தனியாக விடவேண்டாம். "உங்கள் அக்கா புறாவுக்குப் பயப்படவில்லை. தன்னைப் பார்த்துத்தான் பயப்படுகிறார். தன்னையும் குழந்தையையும் காப்பாற்றத்தான் சாவியை உங்களிடம் கொடுத்தார். உங்களிடம் அவரால் அப்படித்தான் சொல்ல முடிந்தது."

வீட்டுக்கு வந்து சித்திக்குப் போன் செய்தேன். மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அவள் அதிர்ச்சியடையவே இல்லை. "உங்கம்மையும் ஒன்னையப் பெத்துட்டு இப்பிடித்தாம்ல கெடந்தா. ரெண்டு மூணு மாசம் கெணத்துப் பக்கம் விடாம மாத்தி மாத்தி உக்காந்து பாத்தோம். பொறவு தன்னால சரியாயிட்டு," என்றாள். கொத்தமல்லி விலை சொல்கிற குரலில் சொன்னாள். அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பெயர்தான் இல்லை. பெயர் இருக்கிற ஊருக்கு நான் அக்காவைக் கூட்டிவந்திருந்தேன். மாற்றி மாற்றி உட்கார இங்கே ஆள்தான் இல்லை.

வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கினேன். கம்பெனிக்குப் போயே ஆகவேண்டிய நாட்களில் காக்கு வந்து உட்கார்ந்தார். அவரிடம் நான் முழுக்கச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. காய் நறுக்கிக்கொண்டே ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டி, "காந்தா", "வாங்கி" என்பார். அக்கா "வெங்காயம்", "கத்திரிக்கா" என்பாள். வாரம் ஒருமுறை ருதுஜாவின் அறை. பாதி நேரம் போனில் தமிழ் மருத்துவர், மீதி நேரம் ருதுஜாவும் அக்காவும் தனியாக. பொது மொழி இல்லாத இரண்டு பெண்கள் அவ்வளவு நேரம் என்ன பேசுவார்கள் என்று எனக்கு விளங்கியதில்லை. ஆனால் அக்கா மெல்ல மெல்லத் தூங்க ஆரம்பித்தாள். ஒருநாள் தானாகவே தலை சீவினாள். சாவியைக் கொடுப்பது மட்டும் நிற்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அத்தானும் அவருடைய அம்மாவும் அழைத்துப்போக வந்தார்கள். ஒற்றைப்படை மாதத்தில் கூட்டிப்போவதுதான் முறை, நல்ல நாளும் பார்த்தாயிற்று. நான் அத்தானைத் தனியாகக் கீழே கூட்டிப்போய், இன்னும் கொஞ்ச மாதம் இங்கே இருக்கட்டும், வைத்தியம் பாதியில் நிற்கக்கூடாது என்றேன்.

"என்ன வைத்தியம்?"

சொன்னேன். அவர் நல்ல மனுஷர். முழுக்கக் கேட்டார். பிறகு, "எங்கம்மாட்ட மட்டும் சொல்லிராத மாப்ள. சத்து மாத்திரன்னு சொல்லு. ஊருக்குள்ள தெரிஞ்சா கிறுக்கச்சின்னு பேரு வச்சிருவானுவ," என்றார். அப்பாவிடம் போனில் மன்றாடிப் பார்த்தேன். "கட்டிக் குடுத்த புள்ளைய எத்தன நாளைக்குலே வச்சிக்கிட முடியும்?" என்றார். அக்காவிடம் கேட்டேன், இந்தமுறை அவளிடமும் கேட்டேன். அவள் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டே, "நான் இங்கயே இருந்தா இது யாரு வீடுலே? ஒனக்கும் ஒருத்தி வர வேண்டாமா?" என்றாள்.

அவள் போன பிறகு நான் ஒன்றைப் புரிந்துகொண்டேன். எங்கள் ஊர்ப் பக்கத்திலும் மனநல மருத்துவம் இருக்கிறது, தமிழிலேயே இருக்கிறது, அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக. ஆனால் அந்த வரிசையில் போய் நின்றால் பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். தமிழ் மருத்துவர் போனில் கூப்பிட்டாலும், ஒரே கூடமாக இருக்கிற வீட்டில், கை எட்டும் தூரத்தில் மாமியார். அக்கா "ம்" மட்டும்தான் சொல்கிறாள் என்று அந்த மருத்துவர் வருத்தப்பட்டாராம். இங்கே பூட்டிக்கொள்ள ஒரு கதவு இருந்தது, கதவுக்குள் பேச மொழி இல்லை. அங்கே வீடு முழுக்க அவள் மொழி, அதனாலேயே அவளால் பேச முடியவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவேன். "நல்லாருக்கம்ல. நீ சாப்ட்டியா?" என்பாள். மாத்திரை சாப்பிடுகிறாயா என்றால், "ம், சத்து மாத்திரதான, சாப்பிடுதேன்," என்பாள், பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் சேர்த்து. ருதுஜாவிடம் போய்க் கேட்டேன். அக்கா தன்னோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறாள், என்ன பேசுகிறாள் என்பதைச் சொல்லமாட்டேன் என்றார். எந்த மொழியில் என்று கேட்டேன். அதற்கு மட்டும் லேசாகச் சிரித்தார்.

போன மாதம் குழந்தைக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள், அதற்காக ஊருக்குப் போயிருந்தேன். மொட்டை போட்டு, சந்தனம் பூசி, குழந்தையை என் மடியில் உட்கார்த்தினார்கள். ஆசாரி பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு கம்பியைச் சரிபார்த்தார். சுற்றி இரண்டு வீட்டு ஜனமும் நெருக்கியடித்து நின்றது. அந்த நேரம் அடுப்படியில் அக்காவின் போன் அடித்தது. எடுத்துப் பேசினாள். இந்தியில்.

"டீக் நஹி, மேடம். நீந்த் நஹி ஆதி. பச்சா அச்சா. மை அச்சா நஹி."

சரியில்லை, தூக்கம் வரவில்லை, பிள்ளை நன்றாக இருக்கிறது, நான் நன்றாக இல்லை. இலக்கணம் இல்லாத, காய்கறி வாங்கப் போதுமான இந்தி. மாமியார் முகமெல்லாம் பூரித்துப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரியிடம், "பாத்தியளா, எங்க மருமவ இந்தி பேசுதா. மொத்தமா அஞ்சு மாசந்தான் அங்க இருந்தா," என்றார். அந்தப் பெண்ணும் வியந்து நின்றாள். கூட்டத்தைத் தாண்டி அக்கா என்னைப் பார்த்தாள். அந்த வீட்டில் அது புரிகிற ஒரே ஆள் நான்தான் என்று அவளுக்குத் தெரியும். குரலைத் தாழ்த்துவாள் என்று நினைத்தேன். தாழ்த்தவில்லை. என் கண்ணைப் பார்த்தபடியே, "டர் லக்தா ஹை, மேடம்," என்றாள். பயமாக இருக்கிறது. "பகுத் டர் லக்தா ஹை."

ஆசாரி குத்தினார். குழந்தை வீறிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் என் தோளைத் தட்டி, "என்ன மாப்ள, குத்துனது புள்ளைக்கி, அழுவுதது நீயி," என்றார். மறு காதுக்காகக் குழந்தையை என் மடியில் திருப்பி வைத்தார்கள்.