மரியபுஷ்பம் தினமும் தொட்ட கோப்பு

மரியபுஷ்பம் மைசூர் தேவராஜ மொஹல்லாவில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவர். 1998இல், நாற்பத்திரண்டு வயதில், அதே ஊரில் நான் இருந்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தார். ஒரு வருஷம் ஓட்டினால் நிரந்தரம் என்று முதலாளி கிருஷ்ணராஜ் சொல்லியிருந்தார். புருஷன் படுத்த படுக்கை. அந்த நிரந்தரத்தை நம்பித்தான் வீடே இருந்தது.

ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் ஒரு ரத்த வங்கியிலிருந்து தினமும் எங்களுக்கு வரும். அதைப் புரோகிராமோடு சேர்த்து ஃப்ளாப்பியில் ஏற்றி, சாமராஜநகர் பஸ்ஸில் அங்குள்ள ஒரு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஏற்றும் கட்டளை சுத்த சோம்பேறி. புரோகிராம் மாறவில்லை என்றால், செய்ய ஒன்றுமில்லை என்று நின்றுவிடும். புதுப் பட்டியல் ஏறாது. அதனால் மரியபுஷ்பம் தினமும் காலையில் புரோகிராம் கோப்பு ஒன்றைத் திறந்து, ஓர் எழுத்தையும் மாற்றாமல் சேமிப்பார். கோப்பின் தேதி புதிதாகிவிடும். கம்ப்யூட்டர் ஏமாந்து முழு வேலையையும் செய்யும்.

அவர் சேர்ந்த பத்தாம் மாதம் கிருஷ்ணராஜ் அந்தத் தேதிகளைப் பார்த்துவிட்டு, எல்லார் முன்னாலும் அவரைக் கூப்பிட்டார்.

"என்னம்மா, தினமும் புரோகிராமைத் தொட்டிருக்க. உள்ள ஒண்ணும் மாறல. சும்மா வேலை செஞ்ச மாதிரி நடிக்கிறியா?"

"இல்ல சார், அப்படிச் செஞ்சாத்தான் லிஸ்ட் ஏறும். எதுவும் மாறலைன்னாலும் ஓடணும்னு ஒரு வரி எழுதிட்டீங்கன்னா இது வேண்டவே வேணாம்."

"டைப்பிஸ்ட் எனக்குப் பாடம் எடுக்குது பாருங்கப்பா."

சிரித்தவர்களில் நானும் ஒருவன். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். அவ்வளவு பெரிய கோழை நான்.

இனி கோப்பைத் தொடக் கூடாது என்று உத்தரவு. அவர் தொடவில்லை. அடுத்த செவ்வாய், ரத்தம் கொடுப்பவர்களில் ஒருவரான பழனிமுத்து இறந்துபோனதால் ரத்த வங்கிப் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. எங்கள் ஃப்ளாப்பியில் மட்டும் இருந்தது. வெள்ளிக்கிழமை மருத்துவமனைக்காரர்கள் பழனிமுத்து வீட்டுக்குப் போன் செய்து, ரத்தம் கொடுக்க அவரை உடனே வரச் சொன்னார்கள். போனை எடுத்தது அவர் மனைவி.

கிருஷ்ணராஜ் சொல்லச் சொல்ல, 'என் கவனக்குறைவு' என்று மரியபுஷ்பம் மன்னிப்புக் கடிதம் எழுதினார். நிரந்தரத்துக்கு ஆறு வாரம்தான் பாக்கி. கையெழுத்துப் போட்டார்.

கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, கிருஷ்ணராஜ் அந்த ஒரு வரியை எழுதினார். ஓட்டிப் பார்த்தார். பட்டியல் ஏறியது.

"இனிமே இதை வாட்ச்மேன்கூட ஓட்டலாம்மா. நாளையிலேர்ந்து நீ வரவேணாம்" என்றார். "நீ கேட்டதைத்தானே செஞ்சிருக்கேன்."