மூன்று ஐம்பது முதல் ஆறு நாற்பது வரை

சகலருக்கும் இதனால் தெரிவிக்கப்படுவது என்னவென்றால், மனித குல வரலாற்றில் முதன்முறையாக, ஆபீஸ் நேரத்தில் வந்து ஆபீஸ் நேரத்திலேயே திரும்பிப் போகும் ஒரு பேய் என் வீட்டில் கண்டறியப்பட்டிருக்கிறது. மாலை 3.50க்கு வரும். 6.40க்குள் போய்விடும். நள்ளிரவு, நாய் ஊளை, கதவு கிறீச்சிடுதல் எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

சிரிக்க வேண்டாம். இது நடந்தது. இருபத்து மூன்று வருடமாகக் காப்பீட்டு நிறுவனத்தில், மற்றவர்கள் சொல்வதை நம்பாமல் இருப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன் நான். கார் தானாகவே உருண்டுபோய்ச் சுவரில் மோதியது என்று எழுதிக்கொண்டு வருவார்கள். நேரம் கேட்பேன், சாட்சி கேட்பேன், திருப்பி அனுப்புவேன். அதனால் இதிலும் நேரங்களைச் சரியாகக் குறித்திருக்கிறேன். சாட்சி ஒருத்திதான். அவளுக்கு எட்டு வயது.

என் மகள். செய்கிற சேட்டைக்காக வீட்டில் ‘வாலு’ என்று கூப்பிடுவோம். மனைவிக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. நாங்கள் இருவரும் வீடு வந்து சேர 6.40 ஆகும். பள்ளி வேன் வாலுவை 3.50க்கே இறக்கிவிட்டுவிடும். கழுத்தில் சாவியோடு மூன்றாவது மாடிக்கு ஏறி, தானே திறந்து, தானே பூட்டிக்கொள்வாள். நடுவில் இரண்டு மணி ஐம்பது நிமிடம்.

அதை நிரப்பத்தான் அந்தப் பெட்டியை வாங்கினோம். சோப்பு டப்பா அளவு. வெள்ளை நிறம். நெற்றியில் ஒரு நீல விளக்கு. விற்க வந்தவர் டையைச் சரி செய்துகொண்டு சொன்னார்:

“சார், இது மெஷின் இல்ல. உங்க பாசத்தோட நீட்சி.”

“நீட்சிக்கு எத்தனை வருஷம் வாரண்டி?”

“ரெண்டு வருஷம் சார். தண்ணி மட்டும் படக் கூடாது.”

நாற்பது வாக்கியங்களை என் குரலில் பதிவு செய்ய வேண்டும். பெட்டி அந்தந்த நேரத்துக்கு அததைப் பேசிக்கொள்ளும். ‘வந்துட்டியா செல்லம்?’ ‘பாலைக் குடி.’ ‘யார் தட்டினாலும் கதவத் திறக்காத.’ ‘அப்பா இங்கதான் இருக்கேன்.’ ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில், ஆபீஸ் கோப்பு அறையில் நின்று, இரும்பு அலமாரிகளைப் பார்த்து நாற்பதையும் சொல்லி முடித்தேன். பாசத்துக்குப் பதினாறு நிமிடம் ஆயிற்று. மீதி நேரத்தில் டீ குடித்தேன்.

பதினொரு மாதம் ஒரு குறையுமில்லை. வாலு சேட்டையை நிறுத்தினாள். நாங்கள் உள்ளே நுழைந்ததும் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வதையும் நிறுத்தினாள். “பொண்ணு பொறுப்பாயிட்டா” என்று மனைவியிடம் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. ஆபீஸில் மின்சாரம் போய், எல்லோரையும் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். 5.35க்கு வீட்டு வாசலில் நின்று சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

உள்ளே சிரிப்புச் சத்தம். வாலுதான். அவள் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

அப்புறம் என் குரல் கேட்டது. பெட்டிதான். பரவாயில்லை, தெளிவாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

“தலைய ஆட்டாத வாலு... கோணலாப் போயிடும்.”

சாவி கையிலேயே நின்றது.

நாற்பதில் இந்த வாக்கியம் இல்லை.

திறந்தேன். சட்டென்று அமைதி. வாலு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலையில் அவசரத்தில் ரப்பர் போட்டு விட்ட தலை. இப்போது இரட்டைப் பின்னல். வகிடு நூல் பிடித்தது போல இருந்தது. பின்னலின் கடைசி முடிச்சு பாதியில் நின்றிருந்தது.

“யாரு பின்னிவிட்டா?”

“அப்பா.”

“நானா?”

நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க இல்ல.”

நீங்க. முன்பெல்லாம் என்னை ‘நீ’ என்றுதான் சொல்வாள். எப்போது மாறியது என்று தெரியவில்லை.

மனைவி என்னைத்தான் சந்தேகப்பட்டாள். “அவளே பின்னக் கத்துக்கிட்டிருப்பா. பூட்டின வீட்டுக்குள்ள யாருங்க வருவா? போய்ப் படுங்க.”

படுத்தேன். தூங்கவில்லை.

மறுநாள் காலை பெட்டியை ஆபீஸுக்கு எடுத்துப் போனேன். மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். சாவி என் சட்டைப் பையில்.

மாலை 4.40. வீட்டுக்கு போன் செய்தேன்.

முதல் மணி... இரண்டாவது மணி... எடுத்தார்கள்.

“ஹலோ.”

என் குரல்.

“மெதுவாப் பேசுங்க. பிள்ளை இப்பத்தான் தூங்குறா. ஜுரம்.”

இழுப்பறையைத் திறந்தேன். பெட்டி உள்ளேதான் இருந்தது. நீல விளக்கு அணைந்திருந்தது.

“யா... யாரு?”

“அவளோட அப்பா.”

மூச்சுச் சத்தம்.

“நீங்க யாரு?”

வாயைத் திறந்தேன்.

டக்.

5.06. எங்கள் வீட்டுக் கட்டடத்துக்குள் ஓடினேன். லிஃப்ட் ஐந்தாவது மாடியில். படியேறினேன்.

கதவு பூட்டியிருந்தது.

திறந்தேன்.

வாலு கட்டிலில். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. நெற்றியில் ஈரத்துணி, நாலாக மடித்து.

தொட்டேன்.

சில்லென்றிருந்தது...

கட்டிலோரம் ஒரு நாற்காலி. இருக்கையில் கை வைத்தேன்.

சூடு.

வாலு கண் திறந்தாள். என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் பார்த்தாள்.

“அப்பா எங்க?”

சனிக்கிழமை பெட்டியைப் பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டு போனேன். காதில் இயர்போனோடு இருந்த மெக்கானிக் அதைக் கம்பியில் இணைத்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“இதுல ஒண்ணுமே இல்லையே சார்.”

“அழிஞ்சு போச்சா?”

“அழியறதுக்கு ஏதாவது இருந்தாத்தானே? பேசி முடிச்சதும் பச்சைப் பொத்தான அமுக்கணும். நீங்க அமுக்கவே இல்ல. வாங்கின நாள்லேர்ந்து இது ஒரு வார்த்தை பேசினதில்ல.”

கடைசிப் பக்கத்தில் கையெழுத்து இல்லை என்பதற்காக எத்தனை விதவைகளின் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருப்பேன் என்று அப்போது ஏனோ கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கும் பாதியில் நின்றது.

பதினொரு மாதம். தினமும் இரண்டு மணி ஐம்பது நிமிடம்.

முறைப்படி விசாரித்தேன். எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் யாரும் சாகவில்லை. யாரும் குடியிருந்ததே இல்லை. கட்டடமே புதுசு. என் குரலில் பேசக்கூடிய அண்ணன் தம்பி யாரும் எனக்கில்லை.

ஒரு மாதம் விடுப்பு எடுத்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக வேன் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினேன். வாலு என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். சமையலறையில் பார்த்தாள். திரைச்சீலைக்குப் பின்னால் பார்த்தாள். பால் கொடுத்தேன், ஆடை படியும் வரை அப்படியே இருந்தது. தலை பின்னிவிட்டேன். வலித்திருக்கும். ஒன்றும் சொல்லாமல் குளியலறைக்குப் போய் அவிழ்த்துவிட்டு வந்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. விருந்துக்குப் போன வீட்டில் இருப்பது போல மரியாதையாக நடந்துகொள்ளும் குழந்தையிடம் எப்படிக் கோபப்படுவது?

ஒன்பதாவது நாள், அவளாகவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள்.

“ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளு செல்லம்.”

“நீங்க எப்ப ஆபீஸ் போவீங்க?”

“ஏம்மா?”

கொஞ்சம் தயங்கினாள். என் மனம் புண்படக் கூடாதே என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

“நீங்க இருந்தா அப்பா வர மாட்டேங்குறாரு.”

இன்னும் இருபத்தொரு நாள் விடுப்பு பாக்கி இருந்தது. ரத்து செய்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனேன்.